ஒட்டுண்ணி, ஓம்பி, செருப்பு: தொழுநோயின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நமது மேடைகளிலும் துண்டறிக்கைகளிலும் அதிகம் புழங்குகிற வசைச்சொற்களில் ஒன்று ‘ஒட்டுண்ணி’. வட்டிக்காரன் ஒட்டுண்ணி, தரகன் ஒட்டுண்ணி, உழைக்காமல் தின்கிற கூட்டம் மொத்தமும் ஒட்டுண்ணி. ஊரில் இதற்கு இன்னும் பழைய சொல் உண்டு: புல்லுருவி. இந்தச் சொற்களை எதிரியின் மீது எறியும்போது கூடவே ஒரு படத்தையும் நாம் ஏற்றுக்கொண்டு விடுகிறோம். ஒரு பக்கம் தன்னளவில் முழுமையான, சுத்தமான ஓர் உடல். மறுபக்கம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு. பிய்த்து எறிந்துவிட்டால் உடல் பழையபடி ஆகிவிடும் என்கிற நம்பிக்கை. யூதர்களை ஒட்டுண்ணிகள் என்று நாஜிகள் சொன்னபோதும் இதே படம்தான் பின்னால் இருந்தது. எனவே இந்தப் படம் சரிதானா என்று கேட்பது வெறும் உயிரியல் கேள்வி அல்ல.

பிரெஞ்சு சிந்தனையாளர் மிஷெல் செர் 1980ல் ‘ஒட்டுண்ணி’ என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். விருந்து கொடுப்பவர், விருந்துக்கு வந்தவர் இருவருக்கும் பிரெஞ்சில் ஒரே சொல்தான். யார் யாரை உண்கிறார்கள் என்கிற இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது அவர் வாதம். தமிழிலும் ஒரு வசதி இருக்கிறது. ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கிற உயிரை நம் பாடநூல்கள் ‘ஓம்புயிரி’, ‘விருந்தோம்பி’ என்கின்றன. விருந்தோம்பல் என்றால் வீடு, அடுப்பு, திண்ணை, யாரை எதுவரை உள்ளே விடுவது என்கிற சட்டதிட்டம் எல்லாம் சேர்ந்தது. வெறும் சதையும் ரத்தமும் மட்டும் ஓம்பி ஆகிவிடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். அதற்கு வேலூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. அதற்குப் போவதற்கு முன் உயிரியல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

2

‘நல்ல ஒட்டுண்ணி தன் ஓம்பியைக் கொல்லாது; காலப்போக்கில் இரண்டும் சமாதானமாகிவிடும்’ என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது பாதி உண்மை. முயல்களை ஒழிப்பதற்காக 1950ல் ஆஸ்திரேலியாவில் மிக்சோமா என்னும் வைரஸைப் பரப்பினார்கள். முதலில் அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயல்களைக் கொன்றது. சில ஆண்டுகளுக்குள் கொடுமை குறைந்த வகைகள் மேலோங்கின. முயல் உடனே செத்துப்போனால் கொசு அதைக் கடித்து வைரஸை அடுத்த முயலுக்குக் கொண்டுபோக அவகாசம் இல்லை. மெல்லச் சாகடிக்கிற வைரஸுக்கே பரவ வழி கிடைத்தது. முயல்களுக்கும் எதிர்ப்பு கூடியது. கதை அங்கே முடிந்திருந்தால் சமாதானம் என்று சொல்லலாம். முயலின் எதிர்ப்பு கூடக்கூட வைரஸும் புது வழிகளில் கடுமையாகிக்கொண்டிருந்தது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரவேண்டும். இப்படி ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே போவதைத்தான் கூட்டுப் பரிணாமம் என்கிறோம்.

மனிதரிலும் இது நடந்திருக்கிறது. தொற்றுநோய்களே மனிதப் பரிணாமத்தின் பெரிய உந்துசக்திகளில் ஒன்று என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949ல் எழுதினார். பின்னாளில் இந்தியாவுக்கே வந்து குடியேறி 1964ல் புவனேஸ்வரில் இறந்தவர் அவர். அரிவாள் செல் ரத்தக் குறையை 1952ல் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டறிந்தார்கள். அந்தக் குறை ஒற்றைப் படியாக இருந்தால் மலேரியாவிலிருந்து காக்கிறது என்று 1954ல் ஆப்பிரிக்காவில் ஆலிசன் காட்டினார். அதே குறை தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் ஆளையே படுக்க வைத்துவிடும். மலேரியாவோடு போராடிய நெடுங்கால வரலாறு ரத்தத்தில் பதிந்து கிடக்கிறது. அதற்கான விலையும் சேர்ந்தே பதிந்திருக்கிறது.

3

தொழுநோய்க் கிருமியின் வரலாறு வேறு மாதிரி. அது ஓடவில்லை, நின்றுவிட்டது.

இந்தக் கிருமியின் மரபுத்தொகுதி முழுவதும் 2001ல் படித்து முடிக்கப்பட்டது. அப்படிப் படிக்க எடுத்துக்கொண்ட வகைக்கு ‘டி.என்.’ என்று பெயர். டி.என். என்றால் தமிழ்நாடு. இங்கே ஒரு நோயாளியின் உடலிலிருந்து எடுத்த கிருமி அது. இந்தக் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்க இன்றுவரை முடியவில்லை. எனவே அதை ஆர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடலில் வளர்த்து, பாரிஸிலும் இங்கிலாந்திலும் இருந்த ஆய்வாளர்கள் படித்தார்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாதி பதனிட்ட தோல் கப்பலேறி லண்டன் சந்தையில் விலைபோன காலம் ஒன்று உண்டு. அறிவும் ஏறக்குறைய அதே பாதையில்தான் போய் வந்திருக்கிறது. உலகம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கிற அந்தக் கிருமி வகை தமிழ்நாட்டின் பெயரைச் சுமக்கிறது. அதைச் சுமந்த உடலுக்கு அறிவியல் கட்டுரையில் பெயரில்லை.

படித்தபோது தெரிந்தது என்னவென்றால், அது ஒரு பாழடைந்த வீடு. அதன் உறவான காசநோய்க் கிருமிக்கு நாலாயிரத்தை ஒட்டிய மரபணுக்கள். இதற்கு வேலை செய்கிறவை ஏறத்தாழ 1,600. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பெயருக்கு இருக்கின்றன, ஆனால் செத்துப்போனவை. இவற்றைப் போலி மரபணுக்கள் என்கிறார்கள். காசநோய்க்குக் கொடுக்கிற ஐசோநியசிட் மருந்து இதன்மேல் வேலை செய்யாது. ஏனென்றால் அந்த மருந்தைத் தூண்டிவிடுகிற மரபணுவே இதில் செத்துக் கிடக்கிறது. மனித உடல் சோறு போட்டுக்கொண்டே இருந்ததால் சமைக்கத் தேவையான பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டது என்று சொல்லலாம். ஒரு முறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கிறது. சாதாரண குடல் பாக்டீரியாவுக்கு இருபது நிமிடம் போதும். உடலின் குளிர்ந்த ஓரங்களில், அதாவது மூக்கு, காது மடல், தோல், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளில், அது குடியிருக்கிறது.

இப்படி எல்லாவற்றையும் இழந்த ஓர் உயிர் எப்படிப் பிழைக்கிறது? நம்மைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதன் மூலம்தான். தொற்று வந்துசேர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் நோயே வருவதில்லை. வருகிற சிலரிடமும் சேதத்தின் பெரும்பகுதியை உடலின் தற்காப்பே செய்கிறது. எதிர்ப்பு வலுவாக உள்ளவரிடம் கிருமி மிகக் குறைவு. ஆனால் கிருமி இருக்கிற நரம்பைத் தற்காப்புச் செல்கள் சூழ்ந்துகொண்டு நரம்பையே நசுக்கிவிடுகின்றன. எதிர்ப்பு எழாதவரிடம் கோடிக்கணக்கில் கிருமி. நரம்பு மெல்ல மெல்லச் சாகிறது. ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966ல் வகுத்த வரிசையின் இரண்டு முனைகள் இவை. ஒரே கிருமி, இரண்டு நோய்கள். வித்தியாசத்தை உண்டாக்குவது ஓம்பி.

4

இங்கேதான் வரலாறு குறுக்கே வருகிறது. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே பாலாத்தல் என்னும் இடத்தில் கிடைத்த, நாலாயிரம் ஆண்டுப் பழமையான எலும்புக்கூட்டில் தொழுநோயின் தடயம் இருப்பதாக 2009ல் வெளியிட்டார்கள். ஐரோப்பாவிலோ நடுக்காலத்தில் எங்கு பார்த்தாலும் தொழுநோய் விடுதிகள். பிறகு பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் நோய் பெரும்பகுதி மறைந்தது. ஃபூக்கோ தனது பைத்தியத்தின் வரலாற்றை (1961) இங்கிருந்துதான் தொடங்குகிறார்: தொழுநோயாளி மறைந்தார், அவரை ஒதுக்கி வைத்த அமைப்பு காலியாகக் காத்திருந்தது, பிறகு அதில் வேறு ஆட்கள் அடைக்கப்பட்டார்கள்.

ஏன் மறைந்தார்? கிருமி சாதுவாகிவிட்டது என்பது ஒரு விளக்கமாக இருந்தது. 2013ல் டென்மார்க், ஸ்வீடன், இங்கிலாந்து புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளிலிருந்து நடுக்காலக் கிருமியின் மரபுத்தொகுதியை மீட்டெடுத்துப் படித்தார்கள். இன்றைய கிருமிக்கும் அதற்கும் சொல்லிக்கொள்கிற வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் எடுத்ததும் பிரேசிலில் எடுத்ததும்கூட 99.995 விழுக்காடு ஒன்றே. ஆயிரம் ஆண்டுகளாகக் கிருமி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அப்படியானால் மாறியது ஓம்பிதான்.

ஓம்பியில் எது மாறியது? மரபணு மாறியிருக்கலாம் என்பது ஒரு பதில். அதை ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஒரே வீட்டில் ஒருவருக்கு மேல் நோய் கண்ட குடும்பங்களை ஆராய்ந்து, பத்தாவது குரோமோசோமின் ஒரு பகுதி நோய்க்கு இடம் கொடுப்பதோடு தொடர்புடையது என்று 2001ல் காட்டினார்கள். நோயெதிர்ப்போடு தொடர்புடைய வேறு மரபணுக்களும் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் இந்தப் பதிலை ‘அந்த வூட்டு ரத்தமே அப்படித்தான், பொண்ணு எடுக்காதே’ என்று சாதி காதில் வாங்கிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மரபணு சொல்வது வாய்ப்பை மட்டும்தான். அதுவும் கிருமி வீட்டுக்குள் வந்த பிறகுதான்.

நார்வே இன்னொரு பதிலைத் தருகிறது. 1856ல் அங்கே நாடு முழுவதற்கும் தொழுநோயாளர் பதிவேடு தொடங்கினார்கள். அப்போது மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள். ஹான்சன் கிருமியைக் கண்டது 1873ல். (நோயைத் தொற்றவைத்துப் பார்ப்பதற்காக 1879ல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவரது சம்மதம் இல்லாமலே ஊசி குத்தினார். மறு ஆண்டு நீதிமன்றம் அவரது மருத்துவமனைப் பதவியைப் பறித்தது. இந்தப் பகுதியைப் பாடநூல்கள் சொல்வதில்லை.) பயன்படுகிற முதல் மருந்து வந்தது 1940களில். அதற்குள் நார்வேயில் நோய் ஏறத்தாழ முடிந்துபோயிருந்தது. தனிமைப்படுத்தியதால்தான் குறைந்தது என்று ஹான்சன் வாதாடினார். அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் தனிமைச் சட்டங்கள் 1877லும் 1885லும் வந்தவை. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், என்ன தின்கிறார்கள் என்பது மாறிக்கொண்டிருந்த காலம் அது. நெரிசல், பட்டினி, ஈரத்தரை என்பவையும் ஓம்பியின் உறுப்புகளே. அவை மாறும்போது, ஒரு மரபணுகூட மாறாமல், ஓம்பி மாறிவிடுகிறது.

5

ஃபூக்கோ பார்த்த விடுதிகள் காலியாக இருந்தன. காலனி நாடுகளில் அவை நிரம்பிக்கொண்டிருந்தன. இதை அவர் எழுதவில்லை, நாம்தான் எழுதவேண்டும். 1890-91ல் இந்தியாவைச் சுற்றிவந்த தொழுநோய் ஆணையம், நோய் ஒட்டுகிற வாய்ப்பு மிகக் குறைவு என்றது. ஆனாலும் 1898ல் லெப்பர்ஸ் சட்டம் வந்தது. அது எல்லா நோயாளிகளையும் பிடிக்கச் சொல்லவில்லை. பிச்சையெடுக்கிற, பிழைப்புக்கு வழியில்லாத ‘ஏழைத் தொழுநோயாளி’யைப் பிடிவாரண்டு இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம் என்றது. வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள வசதியுள்ளவருக்கு அந்தச் சட்டத்தால் ஆபத்தில்லை. மருத்துவத்தின் பெயரால் எழுதப்பட்ட சட்டம் வர்க்கம் பார்த்துத்தான் தொட்டது. அது நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது 2016ல். தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகச் சொல்ல முடியாது என்ற திருத்தம் வந்தது 2019ல்.

வெள்ளைக்காரன் மட்டுமா? 1954ல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஆர். ராதாவின் நடிப்பும் நையாண்டியும் ஒருபுறம் இருக்கட்டும். தாசி வீட்டுக்குப் போன பணக்காரனுக்குக் குஷ்டம் வந்து, கண் போய், தெருவுக்கு வருகிறான். மதத்தையும் மூடநம்பிக்கையையும் கிழித்த அதே மேடை, நோய் என்பது செய்த பாவத்தின் தண்டனை என்கிற பழைய நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் வைத்துக்கொண்டது. கடவுளை வெளியேற்றிவிட்டு அவர் கையிலிருந்த பிரம்பைத் தக்கவைத்துக்கொள்வது எப்படிப்பட்ட பகுத்தறிவு? பால்வினைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தப் படம் நம் பொதுப்புத்தியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

6

வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகப் போகிற சாலையில் பாகாயம் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் வளாகம் அங்கேதான். கணியம்பாடி ஒன்றியத்து ஊர்களில் அந்தக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக வேலை செய்து வருகிறது. 1950களின் தொடக்கத்தில் அந்த வளாகத்தில் குடிசைகள் போட்டு ‘நவஜீவ நிலையம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். கொல்லிமலையில் 1914ல் பிறந்த பால் பிராண்ட் என்னும் எலும்பு மருத்துவர், மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைக்கிற அறுவைச் சிகிச்சையை வேலூரில் செய்துகொண்டிருந்தார். 1955ல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை வந்தது.

பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டது எளிமையான உண்மை. விரல்களைக் கிருமி தின்பதில்லை. அவை தாமாக அழுகி விழுவதும் இல்லை. நரம்பு செத்ததால் வலி தெரிவதில்லை. அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் எடுக்கிறார். முள் குத்தினதோட நடக்கிறார். தூக்கத்தில் எலி கடித்தால்கூடத் தெரியாது. புண் மேல் புண்ணாகி, சீழ் எலும்புவரை போய், கால் குட்டையாகிறது. கிருமி செய்தது உணர்ச்சியை எடுத்தது மட்டும். காலை எடுத்தது கல், முள், சுடுமண், அதன்மேல் கூலிக்காக நடந்த நடை.

அப்படியானால் மருந்து எது? செருப்பு. மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்னும் மெத்தென்ற அட்டை வைத்த செருப்பை வேலூரில் உருவாக்கினார்கள், எம்.சி.ஆர். செருப்பு என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தத்தைப் பரப்பி, புண் வராமல் தடுக்கிறது. ஓம்பிக்குப் பரிணாமம் தராத தற்காப்பை ஒரு துண்டு ரப்பர் தந்தது.

இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பகுதி ஐரோப்பியக் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்புகிற பகுதி. தோல் உரிப்பதும் ஊறவைப்பதும் யார் வேலை என்பதைச் சாதி தீர்மானித்தது. தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் இறங்கியது. 1996ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை அதற்குக் கணக்குக் கேட்பாரில்லை. இதே தமிழ்நாட்டில்தான் ஊர்த்தெருவில் தலித்துகள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்கிற கட்டளையும் இருந்தது. பல ஊர்களில் அதை மீறியவர்கள் அடிபட்டார்கள். காலில் உணர்ச்சியில்லாத கூலிக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கவேண்டும் என்றால், அந்தப் புண்ணுக்குக் காரணம் எந்த ஒட்டுண்ணி? கூட்டுப் பரிணாமத்தின் வரைபடத்தில் கிருமியும் நரம்பும் மட்டும் இருந்தால் இந்தக் கேள்வி எழாது. தெருவையும் சேர்த்து வரையவேண்டும்.

எம்.சி.ஆர். செருப்புக்கும் ஒரு கதி வந்தது. அதைப் போட்டிருப்பவர் தொழுநோயாளி என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். எனவே பலர் போடவில்லை. காலைக் காப்பாற்றினால் முகம் போகும், முகத்தைக் காப்பாற்றினால் கால் போகும். பிறகு சாதாரணச் செருப்புப் போலவே தோன்றுகிற மாதிரிகளைச் செய்யவேண்டி வந்தது.

7

மருந்தின் வரலாறும் கூட்டுப் பரிணாமத்தின் வரலாறுதான். 1940களில் வந்த சல்ஃபோன், பிறகு மலிவான டாப்சோன். ஒற்றை மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 1964ல் மலேசியாவில் டாப்சோனுக்கு அடங்காத கிருமி நிரூபிக்கப்பட்டது. ஓம்பியோடு ஓடாமல் நின்றுபோன கிருமி மருந்தோடு ஓடக் கற்றுக்கொண்டது. 1981ல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. அது பெரிய வெற்றி; அதைக் குறைத்துப் பேசவேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஐம்பதுக்கும் மேல் இருந்த கணக்கு 2005 டிசம்பரில் ஒன்றுக்கும் கீழே வந்தது. ஒழித்தாகிவிட்டது என்று அறிவித்தார்கள்.

ஆனால் கணக்கை எப்படிப் போட்டார்கள்? அன்றைய தேதியில் மருந்து தின்றுகொண்டிருப்பவர்களை மட்டும் எண்ணுகிற கணக்கு அது. சிகிச்சைக் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தால் நோயாளி எண்ணிக்கையும் தானாகக் குறையும். சிகிச்சைக் காலம் குறைந்தது நல்லதுதான். அதையே நோய் குறைந்ததற்குச் சான்றாகக் காட்டுவது வேறு விஷயம். மருந்து முடிந்து, மடங்கிய கையோடும் ஆறாத புண்ணோடும் வாழ்கிறவர் கணக்கிலேயே இல்லை. பிறகு தனித் திட்டம் கலைக்கப்பட்டது, வீடு வீடாகத் தேடுவது நின்றது. தேடாவிட்டால் கிடைக்காது, கிடைக்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடும். 2016ல் மறுபடி தேடியபோது மறைந்திருந்த நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தார்கள். 2023ல் உலகில் புதிதாகக் கண்ட நோயாளிகளில் பாதிக்கு மேல், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர், இந்தியாவில். அவர்களில் குழந்தைகளும் உண்டு. ஒரு குழந்தைக்குத் தொழுநோய் என்றால், அண்மையில் யாரோ ஒருவரிடமிருந்து அது பரவியிருக்கிறது, அவரை யாரும் தேடவில்லை என்று அர்த்தம்.

‘ஒழிப்பு’ என்கிற சொல்லே அந்தப் பழைய படத்திலிருந்து வருவதுதான். அமெரிக்காவின் தென்பகுதியில் ஆர்மடில்லோக்களுக்கு இந்தக் கிருமி மனிதரிடமிருந்து போய், இப்போது அவற்றிடமிருந்து மனிதருக்கே திரும்பி வருகிறது என்று 2011ல் காட்டினார்கள். 2016ல் பிரிட்டன் தீவுகளின் சிவப்பு அணில்களிடமும், 2021ல் மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளிடமும் கண்டார்கள். எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு நம் தோலை நம்பி வாழ்கிறது என்று நினைத்த கிருமி வேறு வீடுகளிலும் தங்கியிருக்கிறது. ஒரேயடியாகப் பிடுங்கி எறியக்கூடிய உறவு அல்ல இது. தொடர்ந்து கவனித்துக்கொள்ளவேண்டிய உறவு.

நம் அமைப்புகள் இதில் செய்யவேண்டியது என்று சில உண்டு. நோயாளியோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால் நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. 2018 முதல் உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைக்கிறது. அந்த மாத்திரையைக் கொடுக்க ஒரு வீட்டு வாசலில் ஊழியர் நின்றால் தெருவே தெரிந்துகொள்ளும். எனவே மாத்திரைக்கு முன்னால் தெருவோடு பேசவேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சை ஆஸ்பத்திரி நடத்த முடியாது. உள்ளாட்சித் தேர்தலில் தொழுநோயாளி நிற்கக் கூடாது என்ற ஒடிசாச் சட்டத்தை 2008ல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. இதற்கு எதிராக நாம் எந்த ஊர்வலமும் நடத்தவில்லை. பழைய காலனிகளில் வயதாகிக் கிடப்பவர்களுக்குச் செருப்பும் கட்டுத்துணியும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது மனு எழுதிக் கேட்கக்கூடிய கேள்வி.

அதோடு, அடுத்த துண்டறிக்கையில் எதிரியை ‘ஒட்டுண்ணி’ என்று எழுதும்போது பேனாவை ஒரு கணம் நிறுத்தலாம். சுரண்டலைச் சொல்ல நம்மிடம் ‘சுரண்டல்’ என்ற சரியான சொல்லே இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் மனிதர்கள். வேறு மாதிரிச் செய்ய அவர்களால் முடியும். கிருமிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.